நிறுத்திய வண்டியும் பேட்டரியும்

2020 மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் என் வேனை வீட்டோரம் நிறுத்திவிட்டேன். ஐந்தாவது வாரத்தில் ஒரு நள்ளிரவு, அடுத்த வீட்டுப் பாட்டிக்கு மூச்சுத் திணறல். சாவியைத் திருப்பினால் 'டிக், டிக்' என்ற ஓசைதான்! வேறு வண்டி வர அரைமணி ஆயிற்று. பாட்டி பிழைத்தது தெய்வாதீனம்.

ஓடாத வண்டியில் மின்சாரம் எங்கே போயிற்று? கடிகாரமும் திருட்டு எச்சரிப்பு மணியும் உறங்குவதில்லை. அவை 50 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி செலவு. 60 ஆம்பியர்-மணி பேட்டரி 25 நாளில் பாதியாகிவிடும். அப்படியே விட்டுவைத்தால் ஈயத் தகடுகளில் சல்பேட்டுப் படிகம் இறுகும். பின்னர் மின்னேற்றினாலும் பழைய வலு வாராது.

ஐந்து நிமிடம் இஞ்சினை ஓடவிட்டு அணைப்பதை நானும் செய்து பார்த்தவன்தான். கிளப்பச் செலவானதை அது ஈடுகட்டுமே தவிர, நாள்கணக்கில் கசிந்ததை மீட்காது. வாரம் ஒருமுறை அரைமணிக்குமேல் ஓட்டுங்கள். முடியாதா? எதிர்மின் கம்பியைக் கழற்றிவையுங்கள். அதையே முதலில் கழற்றினால், ஸ்பேனர் வண்டியின் உடம்பில் பட்டாலும் தீப்பொறி எழாது. படுக்கையும் அடுப்பும் வைத்த வேன் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: கூரைமேல் உள்ள சூரியத் தகடு பெரும்பாலும் உள்விளக்குக்கான பேட்டரியைத்தான் நிரப்பும். இஞ்சின் பேட்டரிக்குத் தனி இணைப்பு தேவை.