விலை போட்ட பேட்ஜும் எண் போட்ட நட்சத்திரமும்

கார்டன் ரீச்: துறைமுகத்திலோ, கப்பல் கட்டும் தளத்திலோ, ரயில்வேயிலோ அப்பா வேலை பார்த்த வீடா உங்களுடையது? அப்படியானால் பரண்மேல் இருக்கும் டிரங்குப் பெட்டியை ஒரு தடவை இறக்கிப் பாருங்கள். பழைய பட்டன், தேய்ந்த சாவி, செல்லாத காசு இவற்றுக்கு நடுவே லெனின் தலையோ, ராக்கெட்டோ, சிவப்பு நட்சத்திரமோ போட்ட சின்ன பேட்ஜ் ஒன்று கிடைத்தாலும் கிடைக்கலாம். குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் என்று எறிந்துவிட வேண்டாம். இவற்றைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள்.

1956-ல் இந்திய - சோவியத் கப்பல் போக்குவரத்து ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன் பிறகு சோவியத் சரக்குக் கப்பல்கள் கல்கத்தா துறைமுகத்துக்கு வந்து போவது சகஜமாயிற்று. அந்த மாலுமிகளின் கையில் செலவுக்குப் பணம் அதிகம் இருக்காது. ஆனால் சட்டைப் பையில் ஒரு பிடி பேட்ஜ் இருக்கும். வெளிநாடு போகும் சோவியத் பிரஜைகள் சிநேகத்துக்கு அடையாளமாக இதைத்தான் கொடுப்பார்கள். பாஷை தெரியாவிட்டால் என்ன? சட்டையில் குத்திவிட்டுச் சிரித்தால் போதும். கிதிர்பூர் ஃபேன்ஸி மார்க்கெட்டில் கப்பல் சாமான் கைமாறிய காலம் அது. 1955 ஒப்பந்தப்படி சோவியத் உதவியோடு எழும்பிய பிலாய் உருக்காலையிலும் ரஷ்ய இன்ஜினீயர்களோடு பழகிய நம்மவர்கள் உண்டு. ‘சோவியத் நாடு’ பத்திரிகையின் வழுவழுத்த தாளைப் பள்ளி நோட்டுக்கு அட்டை போட்டவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல.

பேட்ஜைக் கையில் எடுத்ததும் முன்பக்கத்தை ரசிப்போம். சேகரிப்பவர்கள் பின்பக்கத்தைத்தான் முதலில் திருப்புவார்கள். அங்கே பல பேட்ஜுகளில் விலையே அச்சாகியிருக்கும்: 15 கோபெக், 20 கோபெக் என்று. நூறு கோபெக் ஒரு ரூபிள். அரசாங்கமே விலை குறித்து, கடையில் வைத்து விற்ற சரக்கு. கல்கத்தாவுக்கும் வந்து போன ககாரின், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கின் மிஷா கரடி, 1984-ல் ராகேஷ் சர்மா பறந்த விண்வெளிப் பயணம், ஊர்ப் பெயர்கள், ஆலைகள் என்று எத்தனையோ தினுசு. பெரும்பாலும் அலுமினியத் தகடு, பின்னால் ஓர் ஊக்கு. பள்ளிப் பிள்ளைகளுக்கென்று தனியாக, சுருட்டை முடிக் குழந்தை லெனின் படம் போட்ட நட்சத்திரம் உண்டு. இவற்றை வாங்கலாம், கொடுக்கலாம், மாற்றிக் கொள்ளலாம். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

(சீனத்து மாவோ பேட்ஜ் கதை வேறு. 1966 முதல் கோடி கோடியாக அடித்துத் தள்ளினார்கள். அலுமினியம் எல்லாம் இதற்கே போகிறது என்று 1969-ல் கட்டுப்படுத்த வேண்டி வந்தது.)

ராணுவ விருதுகளில் விலை இராது, எண் இருக்கும். நமது ஸ்டேஷன் போர்ட்டர் கையில் கட்டும் பித்தளை வில்லையை நினைத்துக் கொள்ளுங்கள். அந்த எண்ணுக்கு ஓர் ஆள் உண்டு; வில்லையைக் கழற்றி வேறு ஒருவர் கட்டினால் அது தப்பு. 1930-ல் ஏற்படுத்தப்பட்ட ‘செந்நட்சத்திர விருது’ அப்படிப்பட்டது. வெள்ளியில் செய்து, ஐந்து முனையிலும் சிவப்பு எனாமல் பூசி, நடுவில் துப்பாக்கி ஏந்திய சிப்பாய் உருவம். பின்னால் திருகாணியும், நாணயச் சாலையின் பெயரும், எண்ணும். கூடவே ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். அதில் பெற்றவர் பெயரும் அதே எண்ணும் எழுதியிருக்கும்.

எல்லா மெடலுக்கும் எண் உண்டு என்று நினைத்துவிடக் கூடாது. 1945-ல் ஜெர்மனியை வென்றதற்கான மெடல் சுமார் 1 கோடியே 49 லட்சம் பேருக்குக் கொடுத்தது. அதில் எண் கிடையாது. அதில் ஸ்டாலின் முகம் இடப்பக்கம், அதாவது மேற்கே ஜெர்மனியைப் பார்க்கிறது. ஜப்பானை வென்ற மெடலில் வலப்பக்கம் திரும்பிக் கிழக்கே பார்க்கிறார்!

தமிழ்நாட்டு சுபேதார்

செந்நட்சத்திரம் நமக்கு அவ்வளவு தூரத்துச் சமாசாரமும் அல்ல. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகள் சோவியத் படைக்கு அனுப்பிய சரக்கில் பெரும் பங்கு பாரசீக வளைகுடாவில் இறங்கி, ஈரான் வழியாக லாரியிலும் ரயிலிலும் வடக்கே போயிற்று. அந்தப் பாதையில் உழைத்தவர்களில் ராயல் இந்திய ஆர்மி சர்வீஸ் கோர் சிப்பாய்களும் உண்டு. அவர்களில் இருவருக்கு 1944-ல் சோவியத் அரசு செந்நட்சத்திரம் அளித்தது. ஒருவர் இன்றைய உத்தராகண்டைச் சேர்ந்த ஹவில்தார் கஜேந்திர சிங் சந்த். மற்றவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த சுபேதார் நாராயண ராவ் நிக்கம். மாஸ்கோவில் ரஷ்ய ராணுவ அருங்காட்சியகத்தில் இருவர் பெயரும் இடம் பெறுவதாக 2020-ல் செய்தி வந்தது. சரக்கு ஏற்றி இறக்குவதும் வீரம்தான் என்று ஒப்புக்கொண்ட விருது அது. கூட்ஸ் ஷெட்டிலும் துறைமுகத்திலும் வேலை செய்பவர்களுக்கு இது புரியும்.

இத்தகைய நட்சத்திரங்கள் சந்தைக்கு வந்தது எப்படி? 1991 கடைசியில் சோவியத் யூனியன் கலைந்தது. அடுத்த வருஷம் விலைவாசி எகிறி, பென்ஷன் பணம் ரொட்டிக்கே பற்றாமல் போயிற்று. போரில் ரத்தம் சிந்திய கிழவர்களும் அவர்களுடைய விதவைகளும் மெடல்களை விற்றார்கள். மாஸ்கோ அர்பாத் தெருவில் கோட்டு, தொப்பி, பட்டை, பதக்கம் எல்லாம் டூரிஸ்டுகளுக்குக் கடை பரப்பிக் கிடந்தன. வாங்கியவர்களுக்கு நட்சத்திரம் போதும். காகிதப் புத்தகம் எதற்கு? பல இடங்களில் அது குப்பைக்குப் போயிற்று. அதோடு பெயரும் போயிற்று. இன்று சோவியத் அரசு விருதுகளை விற்பதும் வாங்குவதும் ரஷ்யாவில் கிரிமினல் குற்றம். மற்ற நாடுகளில் வியாபாரம் நடக்கிறது. கூடவே போலிகளும் வந்துவிட்டன. எனாமலுக்குப் பதில் பெயின்ட், வெள்ளிக்குப் பதில் வேறு உலோகம்.

ஆனால் ஒரு நல்ல காரியமும் நடந்தது. போர்க்கால விருது ஆவணங்களை ரஷ்ய அரசு 2010 முதல் இன்டர்நெட்டில் திறந்து வைத்திருக்கிறது. எண்ணைக் கொண்டு காப்பகத்தில் தேடி, மறைந்துபோன சிப்பாயின் பெயரை மீட்கும் சேகரிப்பாளர்களும் இருக்கிறார்கள். பெட்டியில் அடுக்கி அழகு பார்ப்பவரைவிட இவர்கள் ஒரு படி மேல் என்று தாராளமாகச் சொல்லலாம்.

சீருடை சேர்ப்பது கல்கத்தா சீதோஷ்ணத்துக்குக் கஷ்டம். கம்பளி மேல்கோட்டை ஆற்றங்கரை ஈரத்தில் இரண்டு மழைக்காலம் வைத்தால் பூஞ்சையும் பூச்சியும் பங்கு போட்டுக்கொள்ளும். உள்பக்கம் குத்தியிருக்கும் முத்திரையில் தைத்த வருஷம் தெரியும். தோள்பட்டைச் சின்னங்கள் 1943 ஜனவரியில்தான் திரும்ப வந்தன. அதற்கு முந்தியது என்று சொல்லி, தோள்பட்டையோடு ஒரு கோட்டை யாராவது நீட்டினால் நம்பாதீர்கள்.

காசு செலவில்லாமல் சோவியத் சாமானைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சென்னை போகும் வழியில் விசாகப்பட்டினத்தில் இறங்கலாம். 1969-ல் ரீகாவில் நமது கடற்படையில் சேர்ந்து, 2001-ல் ஓய்வு பெற்ற குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல் கடற்கரையில் நிற்கிறது. சொற்ப டிக்கெட்தான். அரக்கோணத்திலிருந்து பறந்துகொண்டிருந்த ரஷ்ய டி.யு.-142 விமானம் ஒன்றும் அங்கேயே இருக்கிறது.

வீட்டில் பேட்ஜோ மெடலோ அகப்பட்டால், நம் வீட்டுப் பெண்கள் குத்துவிளக்குக்குச் செய்வதுபோலப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், பிராஸோவும் வேண்டாம். மெல்லிய துணியால் துடைத்து, காய்ந்த டப்பாவில் பஞ்சு வைத்துப் போடுங்கள். பின்னால் விலை இருந்தால் பேரப்பிள்ளைகள் சட்டையில் குத்திக்கொள்ளட்டும். எண் இருந்தால் அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் ரஷ்ய எழுத்தில் பழுப்பேறிய சிறு புத்தகம் ஏதாவது கிடக்கிறதா என்று பெட்டியின் அடிவரை தேடுங்கள்.