பருந்தும் பஞ்சாரமும்

தமிழ்த்துறை மலரில் கோழிக்கு என்ன இடம் என வினவுவோர் உளராயின், அவர்கட்குக் குறுந்தொகையின் 139ஆம் பாடலை நினைவூட்டுவோம். ஒக்கூர் மாசாத்தியார் பாடிய அச்செய்யுளில், மாலைப்பொழுதில் காட்டுப்பூனைகள் வேலியருகே வருகின்றன. வீட்டுக்கோழி அஞ்சித் தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கின்றது. அவையோ புகுவதற்கு இடமறியாது ஒருங்கே திரண்டு நிற்கின்றன. ஊராரின் பழிச்சொல்லுக்கு உவமையாக வந்த காட்சி இது. எனினும், கோழி வளர்ப்போர்க்கு இதனுள் ஓர் உண்மை பொதிந்துள்ளது. அம்முற்றத்தில் இல்லாதிருந்தது புகலிடமே.

புதுக்கோட்டை மாவட்டத்து மானாவாரிச் சிற்றூர்களில் புறக்கடைக் கோழி பெரும்பாலும் பெண்களின் தனிச் சேமிப்பாகும். முட்டை விற்ற காசு பிள்ளைகளின் குறிப்பேடாவதையும், சேவல் விற்ற காசு மருந்துச் செலவுக்கு உதவுவதையும் நாம் கண்டிருக்கிறோம். ஆகவே, 21 நாள் அடைகிடந்து பொரித்த குஞ்சுகள் ஒவ்வொன்றாய் மறைவது அவ்வீட்டிற்குச் சிறிய இழப்பன்று.

வானத்துப் பகை இருவகைப்படும். கள்ளப்பருந்து வெளியில் வட்டமிட்டு, திறந்த தரையில் மேயும் குஞ்சைத் தாழப் பறந்து வாரிச் செல்லும். வைரியின் முறை வேறு. அது வேம்பின் இலைச்செறிவில் அசையாதிருந்து, அம்பு போல் பாயும். தாய்க்கோழி நிமிர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆயினும் வைரியின் எடை கால் கிலோவுக்கும் குறைவு. கள்ளப்பருந்தும் ஒரு கிலோவை எட்டுவதில்லை. வளர்ந்த கோழியைத் தூக்கிச் செல்ல இவற்றால் இயலாது. எனவே பொரித்த நாள் முதல் ஏறத்தாழ இரண்டு மாதங்களே பேரிடர்க் காலம். அக்காலத்திற்கே நம் முன்னோர் பஞ்சாரம் முடைந்தனர். முதல் சில வாரங்கள் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தில் கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டால் பகற்பொழுதின் அச்சம் பெரிதும் நீங்கும்.

வெளியே விடும்போதுதான் புகலிடம் வேண்டப்படுகிறது. உயர்ந்த மரம் வைரிக்கு இருக்கை. தாழ்ந்த புதரோ குஞ்சுக்கு அரண். இவ்வேறுபாட்டை அறியாது, நிழல் இருந்தால் போதும் எனக் கருதுவோர் பலர். தரையை ஒட்டிய அவரைப்பந்தல், குஞ்சு மட்டும் நுழையுமாறு குவித்த கருவேல முள், சாய்த்து வைத்த பழைய கீற்று ஆகிய ஏதேனும் ஒன்று சில அடிகளுக்கொரு முறை இருத்தல் நலம். 2018 நவம்பர் 16ஆம் நாள் கரைகடந்த கஜா புயலில் ஆலங்குடி, கீரமங்கலம் பக்கங்களில் பலாவும் தென்னையும் சாய்ந்து, மறைவின்றிப் போன கொல்லைகளுக்கு இது மேலும் பொருந்தும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் கழித்த மீன்வலை கிடைக்கும். அதனைத் தொய்வின்றி இழுத்துக் கட்டவேண்டும். தொய்ந்த வலையில் கோழியே சிக்கிக்கொள்ளும்.

மின்னும் ஒலிநாடாவைக் கொடியில் கட்டி நாமும் பார்த்தோம். மூன்று நாள் பயன் தந்தது. நான்காம் நாள் அக்கொடிக்கம்பத்தின் மேலேயே வைரி அமர்ந்திருந்தது!

சேவலை விற்றுவிடத் துடிப்போர் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். பருந்தைக் கண்டால் ஒரு குரல், தரைப்பகையைக் கண்டால் வேறொரு குரல் எனச் சேவல் பிரித்து ஒலிப்பதை விலங்கியலார் ஆய்ந்து நிறுவியுள்ளனர். முதற்குரல் கேட்டதும் கோழிகள் ஓடி ஒளியும். மற்றது கேட்டால் கழுத்தை நிமிர்த்திப் பார்க்கும். பொறியில் பொரித்து விலைக்கு வரும் குஞ்சுகட்கு இவ்வாறு எச்சரிக்கத் தாய் இல்லை. அவற்றை வாங்குவோர் கூடுதல் நாள்கள் அடைத்து வளர்ப்பதே முறை. கொல்லையோர மரத்தில் கரிச்சான் கூடு கட்டினால் அதனைக் கலைக்கலாகாது. தன்னினும் பன்மடங்கு பெரிய பருந்தையும் அது கொத்தி விரட்டும்.

நஞ்சு வைப்பாரும் உளர். அது நாயையும் மயிலையும் எலி பிடிக்கும் ஆந்தையையும் கொல்லும். அன்றியும், பருந்து, வைரி, மரநாய், காட்டுப்பூனை ஆகியன 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்பட்டவை.

கள்வர் யார் எனத் தெரிந்தே காவலிட வேண்டும். பகலில் சுவடின்றிக் குஞ்சு மறைந்தால் பெரும்பாலும் பருந்தோ காகமோ காரணம். ஓரிரவில் பல கோழிகள் கழுத்துக் கடியுண்டு கிடந்தால் மரநாயை ஐயுறலாம். ஓடும் எஞ்சாமல் முட்டை மறைந்தால் பாம்பாக இருக்கலாம். இரவுப் பகைக்குக் கூட்டின் அடியில் கற்பலகை பாவி, அரை அங்குலத்திற்கு மேல் இடைவெளியின்றி வலுவான கம்பி வலை அடித்தல் வேண்டும். மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே நிறுத்துமேயன்றி, மரநாயை வெளியே நிறுத்தாது.

கூட்டை அடைக்கும் நேரமும் முதன்மையானது. மாசாத்தியார் காட்டிய அந்த மாலைப்பொழுது வருமுன்னரே எண்ணிப் பார்த்து அடைத்துவிட வேண்டும். துரத்திப் பிடிக்கத் தேவையில்லை. நாள்தோறும் ஒரே வேளையில் ஒரு பிடி நொய்யரிசியைக் கூட்டினுள் தூவி வந்தால், சில நாள்களில் அவை தாமாகவே வந்து காத்து நிற்கும்.