கட்டட வடிவமைப்பு ஒருங்கிணைப்பில் இயந்திரக் கற்றல்

கட்டட வடிவமைப்பு ஒருங்கிணைப்பில் இயந்திரக் கற்றல் என்பது, ஒரே கட்டடத்துக்குப் பல துறையினர் தயாரிக்கும் வடிவமைப்புகள் ஒன்றோடொன்று முரண்படும் இடங்களை, முந்தைய திட்டங்களின் தரவுகளிலிருந்து கற்றுக்கொண்ட கணினி நிரலைக் கொண்டு வகைப்படுத்தித் தீர்க்கும் முறையாகும்.

பின்னணி

ஒரு மருத்துவமனையில் அறைகளைக் கட்டடக் கலைஞரும், தூண்களையும் உத்தரங்களையும் கட்டமைப்புப் பொறியாளரும், காற்றுக் குழாய், மின்வடம், கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றை வேறு பொறியாளர்களும் வடிவமைக்கின்றனர். முற்காலத்தில் ஒளி ஊடுருவும் தாள்களில் வரைந்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து முரண்பாடுகளைத் தேடினர். கண்ணுக்குத் தப்பியவை கட்டுமானத்தின்போதே வெளிப்பட்டன. அந்நிலையில் குழாய்க்காக உத்தரத்தைத் துளைத்தால் உள்ளிருக்கும் கம்பி அறுபட்டு உத்தரம் வலுவிழக்கக்கூடும்.

இன்று கட்டடத் தகவல் மாதிரி எனப்படும் முப்பரிமாண மாதிரிகளை இணைத்து, நேவிஸ்வொர்க்ஸ், சொலிப்ரி போன்ற மென்பொருள்கள் மோதல்களைக் கண்டறிகின்றன. பிரித்தானிய அரசு 2016 ஏப்ரல் முதல் தன் மையத் துறைகளின் கட்டுமானத் திட்டங்களுக்கு இத்தகைய மாதிரிகளைக் கட்டாயமாக்கியது.

மோதல் வகைகள்

* வன் மோதல்: இரு பொருள்கள் ஒரே இடத்தை அடைத்தல்.
* மென் மோதல்: பராமரிப்புக்கோ பாதுகாப்புக்கோ தேவையான இடைவெளி இல்லாதிருத்தல்.
* பணிவரிசை மோதல்: ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இரு வேலைகள் திட்டமிடப்படுதல்.

இயந்திரக் கற்றலின் பங்கு

பெரிய திட்டமொன்றில் மென்பொருள் ஆயிரக்கணக்கான மோதல்களைப் பட்டியலிடும். அவற்றுள் பல பொருட்படுத்தத் தேவையற்றவை. இடம் மாறிய ஒரே காற்றுக் குழாய் பத்துக் குழாய்களில் இடித்தால், அது பத்து மோதல்களாக எண்ணப்படும்.

பொறியாளர்கள் முன்பு "முக்கியம்", "முக்கியமற்றது" எனக் குறித்த மோதல்களே இங்குப் பயிற்சித் தரவாகின்றன. மோதும் பொருள்களின் வகை, அளவு, இடம், ஒன்றினுள் ஒன்று புகுந்துள்ள கன அளவு ஆகியவற்றைக் கொண்டு, தீர்வு மரம், நரம்பியல் பிணையம் போன்ற முறைகள் புதிய மோதலை வகைப்படுத்துகின்றன. தொடர்புடைய மோதல்களைக் குழுவாக்கவும், எப்பொருளை நகர்த்தலாம் எனப் பரிந்துரைக்கவும் இயலும். எடுத்துக்காட்டாக, புவியீர்ப்பால் பாயும் கழிவுநீர்க் குழாய்க்குச் சரிவு தேவை; எனவே அதை விட்டுவிட்டு, எளிதில் வளையும் மின்வடத்தை நகர்த்துவதே பொருத்தம்.

வரம்புகள்

துல்லிய விழுக்காடு மட்டுமே போதிய அளவுகோல் அன்று. 100 மோதல்களில் 5 மட்டுமே முக்கியமானவை எனக் கொள்வோம். அனைத்தையும் "முக்கியமற்றவை" என ஒதுக்கும் நிரலும் 95% துல்லியம் பெறும். ஆனால் தேவையான ஐந்தையும் அது தவறவிட்டிருக்கும். முக்கியமற்ற ஒன்றைப் பட்டியலில் வைத்திருந்தால் சில நிமிடங்களே வீணாகும். முக்கியமான ஒன்றை நீக்கிவிட்டால் அது கட்டுமானத்திலேயே வெளிப்படும்.

மாதிரியில் வரையப்படாத பொருளின் மோதலை எந்த நிரலாலும் காண இயலாது. மேலும், ஒரு நிறுவனத்தின் தரவில் பயின்ற நிரல் வேறு நாட்டின் கட்டுமான முறைக்குப் பொருந்தாமல் போகலாம். ஆகையால் நிரல் ஒதுக்கியவற்றையும் பொறியாளர் சரிபார்க்க வேண்டியுள்ளது. வரைபடத்தில் கையொப்பமிடும் பொறுப்பும் அவருடையதே.