மலையேறும் கையில் எது வேண்டும்?

நாள்தோறும் வைகறையில் சாமுண்டி மலைப் படிகளில் ஏறி இறங்கும் நம் சங்க அன்பர் ஒருவர், சென்ற வாரம் நம்மை நிறுத்தி வினவினார்: "மலையில் சிறுத்தை உண்டு என்கிறார்களே, கைத்துப்பாக்கி ஒன்று வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டால் என்ன? எது நல்லது?"

ரயில்வே எழுத்தரிடம் கேட்கத்தக்க வினா அன்று. ஆயினும் நகைத்துத் தள்ள நமக்கு மனம் வரவில்லை. 2022 அக்டோபர் இறுதி முதல் 2023 ஜனவரி வரை நம் மாவட்டத்து டி. நரசிபுரம் வட்டத்தில் நால்வர் சிறுத்தைக்கு இரையாயினர். அவருள் ஒருவன் 11 வயதுச் சிறுவன்.

முதலில் சட்டம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் சிறைக்குரிய குற்றம். காலை உலாவுக்கு வேண்டும் என்று விண்ணப்பத்தில் எழுதினால், அதிகாரி நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்! அண்டையிலுள்ள குடகில் கொடவர்க்கும் ஜம்மா நிலம் உடையோர்க்கும் ஆங்கிலேயர் காலந்தொட்டு உரிமத்தினின்று விலக்கு உண்டு. அது 2029 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. குடகு நண்பர் வீட்டுச் சுவரில் துப்பாக்கியைக் கண்டு ஆசை கொள்வோர் இதனை நினைவிற் கொள்க.

உரிமம் கிடைத்ததாகவே கொள்வோம். பயன் என்ன? பெங்களூரில் வாழ்ந்த வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974) ஆட்கொல்லி விலங்குகளைச் சுட்டது .405 வின்செஸ்டர் ரைபிளால். அதுவும் பலமுறை இரவெல்லாம் மரத்தின் மேல் காத்திருந்து. நடந்து செல்பவனுக்கு அவ்வாய்ப்பு ஏது? சிறுத்தை பதுங்கியிருந்து பாய்வது. உறையினின்று துப்பாக்கி வெளிவருமுன் காரியம் முடிந்துவிடும். குறி தவறிக் காயமுற்றாலோ அது முன்னினும் கொடிதாகும். படிகளில் முன்னும் பின்னும் மக்கள். பாறையிற் பட்ட குண்டு எங்கே தெறிக்கும் என்று யார் கண்டார்? 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் உயிர்காப்புக்காகக் கொல்வதை மன்னிக்கிறது. ஐயத்தின் பேரில் சுடுவதை மன்னிப்பதில்லை.

இத்தனை ஆண்டுகளில் நாம் அப்படிகளில் கண்டவை நாய்களும் குரங்குகளும், ஒருமுறை ஒரு நாகமும்தான். மூன்றுக்கும் மூங்கில் கழி போதுமானதாயிருந்தது. தரையைத் தட்டியபடி சென்றால் பாம்பு பெரும்பாலும் தானே விலகும். விடியுமுன் செல்வதாயின் கைவிளக்கும் துணையும் இன்றிச் செல்லலாகாது. புதரோரம் குனிந்து அமர்தல் கூடாது; குனிந்த மனிதன் சிறுத்தையின் கண்ணுக்குச் சிறு விலங்காகத் தோன்றுகிறான். எதிர்ப்பட்டால் ஓடாமல், முகம் திருப்பாமல், கைகளை உயர்த்திக் கூச்சலிட்டவாறு மெல்லப் பின்வாங்குக.

விடுமுறைக்குச் சேலத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் உறவினர் வரும்போதுதான் நமக்குக் கவலை மிகுதி. பிள்ளைகள் நந்தி வரை யார் முதலில் ஏறுவது என்று பந்தயம் ஓடுவர். அவர்களை நடுவில் விட்டு, முன்னொருவரும் பின்னொருவருமாகப் பெரியவர் நடத்தல் வேண்டும்.

அன்பர் ஞாயிறன்று கழியுடன் வந்துவிட்டார். அது அவரினும் உயரம். ஒரு முழம் அறுக்கச் சொல்லியிருக்கிறோம்.