இயங்க மறுக்கும் ஸ்கூட்டர்

தந்தை அலுவலகத்திற்குப் புறப்படும் வேளை. ஸ்கூட்டரின் பொத்தானை அழுத்துகிறார், ஓசையே எழவில்லை. உதைமிதியை மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்ததுதான் மிச்சம். பக்கத்து வீட்டார் ஒருவர், ‘பிளக்கை மாற்றுங்கள்’ என்கிறார். மற்றொருவர் பேட்டரியின்மீது பழி சுமத்துகிறார். இருவரும் வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை!

பெட்ரோல் இயந்திரம் இயங்குவதற்கு மூன்று தேவைகள் உண்டு. காற்றும் பெட்ரோலும் தக்க அளவில் கலந்த கலவை சிலிண்டருக்குள் வரவேண்டும். பிஸ்டன் அதனை இறுக்கி அழுத்தவேண்டும். அழுத்தம் மிகும் தறுவாயில் பிளக்கில் தீப்பொறி தோன்றவேண்டும். இவற்றுள் எது தவறியது என்று கண்டறிவதே பழுது பார்த்தலின் பெரும்பகுதி. பாகத்தைக் கழற்றி மாட்டுவது அதன்பின் வரும் சிறு வேலை.

முதலில் செவிக்கு வேலை கொடுக்கவேண்டும். பொத்தானை அழுத்தியதும் ‘டிக்’ என்ற ஒலி மட்டும் கேட்டால் பேட்டரி வலுவிழந்திருக்கலாம். ஹார்ன் ஒலி தேய்ந்தும் விளக்கொளி மங்கியும் இருப்பது அதனை உறுதிப்படுத்தும். பேட்டரி முனைகளில் வெண்பூச்சு படிந்திருந்தாலும் இதே நிலை ஏற்படும். இயந்திரம் விரைவாகச் சுழன்றும் பற்றவில்லையெனில், குறையை வேறிடத்தில் தேடவேண்டும். ஓசையே இல்லையெனில் பிரேக்கைப் பிடித்தோமா, ஃபியூஸ் எரிந்துள்ளதா, சைடு ஸ்டாண்டு எனப்படும் பக்கத்தாங்கி மடங்கியுள்ளதா என்று பார்க்கவேண்டும். தாங்கி இறங்கியிருந்தால் இயந்திரம் இயங்காதபடி பல புதிய வண்டிகளில் தடை அமைத்துள்ளனர். தந்தையின் ஸ்கூட்டரில் நேர்ந்ததும் இதுவே. தாங்கி முழுமையாக மடங்கவில்லை. பிளக்கின்மீது எந்தக் குற்றமும் இல்லை.

இயந்திரம் சுழன்றும் பற்றாதபோது பிளக் நமக்குச் சான்று கூறும். இயந்திரம் ஆறியபின் அதனைக் கழற்றிப் பார்க்கலாம். முனை உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை என்பது பொருள். டாங்கின் மூடியைத் திறந்து நேரில் பார்ப்பது நன்று. அளவுகாட்டி சில நேரங்களில் பொய் சொல்லும். மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற பழைய வண்டியெனில், கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் ஆவியாகி, எஞ்சிய பிசின் நுண்துளையை அடைத்திருக்கும். பாரத் நிலை 6 மாசு விதிகள் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், பெரும்பாலான ஸ்கூட்டர்களில் கார்புரேட்டரின் இடத்தை எரிபொருள் உட்செலுத்தி பிடித்துக்கொண்டது. இவ்வகை வண்டிகளில் சாவியைத் திருப்பியதும் எரிபொருள் பம்பின் மெல்லிய ரீங்காரம் ஓரிரு நொடி கேட்கவேண்டும். அந்தப் பம்பு மின்சாரத்தால் இயங்குவது. எனவே, பேட்டரி முற்றிலும் தீர்ந்துபோனால் உதைமிதியாலும் பெரும்பாலும் பயனில்லை.

முனை நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. தீப்பொறி இல்லாமையோ, பெட்ரோல் மிகுந்துபோனமையோ காரணமாகலாம். சோக்கை இழுத்துவிட்டு ஓயாமல் உதைப்பவர், தம் முயற்சியாலேயே பெட்ரோலை மிகுவித்துப் பிளக்கை நனைத்துவிடுகிறார். கார்புரேட்டர் வண்டியில் பிளக்கைத் துடைத்து உலர்த்தி மாட்டி, சோக்கை விடுவித்து, முறுக்கியை முழுவதும் திறந்து சிலமுறை உதைத்தால் மிகைப் பெட்ரோல் வெளியேறும். முனையில் கரி அடர்ந்திருப்பின் காற்று வடிகட்டியையும் நோக்கவேண்டும். தீப்பொறியைச் சோதிப்பதை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுக. பிளக் துளையிலிருந்து வரும் பெட்ரோல் ஆவி தீப்பற்றக்கூடும். உதைமிதி சற்றும் எதிர்ப்பின்றி இறங்கினால் சிலிண்டரின் அழுத்தம் குறைந்துள்ளது எனலாம். அதுவும் பட்டறைக்குரிய வேலையே.

இவை அனைத்திற்கும் விதிவிலக்கான நிலை ஒன்று உண்டு. 2015 டிசம்பரில் சென்னையைச் சூழ்ந்த வெள்ளத்தில் எண்ணற்ற இருசக்கர வண்டிகள் மூழ்கின. அவ்வாறு மூழ்கிய வண்டியை, நீர் வடிந்ததும் இயக்கிப் பார்க்கவே மனம் துடிக்கும். அப்போது பொத்தானைத் தொடவே கூடாது. காற்றும் பெட்ரோல் ஆவியும் அழுத்தத்திற்கு இணங்கிச் சுருங்கும்; நீர் இணங்காது. சிலிண்டருக்குள் நீர் இருக்கையில் இயந்திரம் சுழன்றால் பிஸ்டனைத் தாங்கும் இணைப்புத்தண்டு வளைந்துபோகலாம். சில நூறு ரூபாயில் முடியவேண்டிய செலவு பல ஆயிரமாகப் பெருகும். காற்று வடிகட்டிப் பெட்டியில் ஈரம் உள்ளதா, ஆயிலின் நிறம் பால் கலந்த தேநீர்போல் மாறியுள்ளதா என்று பார்க்கவேண்டும். இரண்டில் ஒன்று தென்பட்டாலும் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் பட்டறைக்குச் செல்லவேண்டும்.