பட்டை இல்லாத நாய் யாரோட நாய்?

(எபிசோடில் பேசினதை வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, ஒழுங்குபடுத்திக் கொடுத்திருக்கோம்.)

போன ரெண்டு எபிசோடா நிறையப் பேர் கேட்ட ஒரே கேள்வி, "பிஸ்கட் எங்க? பின்னாடி குரைக்கிற சத்தமே காணோமே?" ரெக்கார்டிங் நடுவுல குரைச்சுக் குரைச்சு என்னைவிட அதிகமா ஃபேன்ஸ் சம்பாதிச்ச அந்த நாய் இப்போ என்கிட்ட இல்லை. தொலையலை, சாகவும் இல்லை. அதோட சொந்தக்காரர்கிட்ட இருக்கு. அப்போ ஆறு மாசம் வளர்த்த நான் யாரு? இன்னைக்கு எபிசோடே அதுதான்.

எங்க அப்பா ஊர் வீரசோழன் பக்கம். விருதுநகர் மாவட்டம், திருச்சுழி தாலுகா. கண்மாயில தண்ணி நின்னா நெல்லு, நிக்கலைன்னா சீமைக்கருவேலம், அப்படி ஒரு பூமி. 2025 மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிடப் போயிருந்தோம். அருப்புக்கோட்டையிலேருந்து கார்ல வரும்போது, ஊருக்குக் கொஞ்சம் முன்னாடி ரோட்டோரம் ஒரு செவலை நாய். முன்னங்கால் வீங்கி, மூணு காலால நொண்டிக்கிட்டு நின்னுச்சு. கழுத்துல பட்டை இல்லை, கயிறும் இல்லை. விலா எலும்பை எண்ணிடலாம். மறுநாள் அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோய் கால்நடை டாக்டர்கிட்ட காட்டி, முள்ளை எடுத்து, ரேபிஸ் ஊசி போட்டு, ரெண்டு நாள் அப்பத்தா வீட்டுத் திண்ணையில வச்சிருந்துட்டு, சென்னைக்குத் தூக்கிட்டு வந்துட்டேன்.

"யாரோட நாய்னு தெரிஞ்சா சொல்லுங்க"ன்னு இன்ஸ்டால ஒரு ஸ்டோரியும் போட்டேன். 24 மணி நேரம் இருந்துச்சு. பார்த்தவங்க எல்லாம் வேளச்சேரி, ஓஎம்ஆர், ரெண்டு பேர் பெங்களூரு. ஹார்ட் மட்டும் நிறைய வந்துச்சு. இந்த ஸ்டோரியை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில இதுதான் என்னைக் கவுத்துச்சு.

ஆவணியில சொந்தத்துல ஒரு கல்யாணம். பிஸ்கட்டையும் கூட்டிட்டுப் போனேன். அன்னைக்கு வீரசோழன்ல ஆட்டுச்சந்தை. டீக்கடை வாசல்ல நிக்கிறேன், சந்தைக்குக் குட்டி ஓட்டிட்டு வந்த ஒரு பெரியவர் எங்களைத் தாண்டிப் போயிட்டுத் திரும்பிப் பார்த்தார். "டேய் மணி"ன்னு ஒரே ஒரு சத்தம். என் கையில இருந்த கயிறு அறுந்துடும்போல இழுத்துச்சு நாய்.

"தம்பி, நீ யாரு வீட்டுப் பிள்ளை?"

சொன்னேன்.

"இது என் கிடை நாயி. மாசியில கிடை மாத்தி ஓட்டையில கால்ல முள்ளு தச்சுப் பின்தங்கிருச்சு. ஆட்டை விட்டுட்டு வர முடியுமா? ரெண்டு நாள் கழிச்சு வந்து தேடுனேன், காணோம். லாரியில அடிபட்டுப் போச்சுன்னு நினைச்சேன்."

"பட்டை எதுவும் இல்லையேங்கய்யா. தெருநாய்னு நினைச்சுட்டேன்."

"பட்டை கட்டுனா முள்ளுல மாட்டிக்கிரும், அதான் கட்டுறதில்ல. பட்டை இல்லைன்னா நாதியத்த நாயா?"

நகரத்துல வளர்ந்தவங்களுக்கு ஒரு விளக்கம். அறுப்பு முடிஞ்ச வயல்ல ராத்திரி ஆட்டு மந்தையைப் படுக்க வைப்பாங்க. புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். நிலத்துக்காரர் அதுக்குக் கூலி கொடுப்பார். இதுதான் கிடை. சில ராத்திரி ஒரு வயல், அப்புறம் அடுத்த வயல்னு மந்தை நகர்ந்துக்கிட்டே இருக்கும். நரிக்கும் திருடனுக்கும் காவல் இந்த நாய்தான். பகல்ல அது கட்டிப்போட்டுக் கிடக்காது, மந்தைக்குத் தள்ளி எங்கேயாவது நிழல்ல படுத்திருக்கும். ரோட்ல போற எனக்கு அது தெருநாய். அவருக்கு அது நைட் ஷிப்ட் முடிச்சுட்டுத் தூங்குற ஆளு.

நான் உடனே கொடுக்கலை. "நாளைக்குக் காலையில பேசுவோம்யா"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவரும் சண்டை போடலை. அன்னைக்கு ராத்திரி கல்யாண வீட்டு மாடியில உட்கார்ந்து போன்ல சட்டம் படிச்சேன். என் பக்கம் ஏதாவது பாயிண்ட் கிடைக்குமான்னு தேடித்தான் படிச்சேன், பொய் சொல்ல விரும்பலை.

முதல்ல தெருநாய்ங்கிறதுக்குச் சட்டத்துல என்ன அர்த்தம்? 2023-ல வந்த விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் 'சமூக விலங்கு'ன்னு ஒரு சொல்லை வச்சிருக்கு. ஒரு பகுதியில பிறந்து, எந்தத் தனிநபரும் அமைப்பும் உரிமை கோராத, காட்டு விலங்கு அல்லாத விலங்கு. கவனிங்க, வரையறையே ஒரு 'இல்லை'யில நிக்குது. நம்ம ஆளுங்களுக்கு இது பழக்கமான பிரச்சினை. டேட்டாபேஸ்ல ஓனர்ங்கிற கட்டம் காலியா இருந்தா, 'ஓனர் இல்லை'ன்னு அர்த்தம் கிடையாது, 'ஓனர் தெரியலை'ன்னு அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே இந்தத் தப்பைப் பண்ணித் திட்டு வாங்கியிருக்கேன். ரோட்டோரத்துல மறுபடியும் அதே தப்பு.

அப்போ நான் பண்ணினது திருட்டா? இங்கதான் சட்டம் சுவாரசியமாகுது. நம்ம நாட்டுல திருட்டுங்கிறது இன்னொருத்தர் வசத்துல இருக்கிற பொருளை அவர் சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோட நகர்த்துறது. 1860-ல எழுதின இந்திய தண்டனைச் சட்டத்துல இதுக்கு ஒரு உதாரணமே நாய்தான். ஒருத்தன் பையில தீனி வச்சுக்கிட்டு அடுத்தவன் நாயைத் தன் பின்னாடி வரவைக்கிறான். எண்ணம் நேர்மையற்றதா இருந்தா, நாய் அவன் பின்னாடி நடக்க ஆரம்பிச்ச அந்த நிமிஷமே திருட்டு முடிஞ்சிருச்சு. 2024 ஜூலையில அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுலயும், 303-வது பிரிவுல, அந்தத் தீனிக்காரன் அப்படியே இருக்கான். இன்னொரு உதாரணம், பெரிய சாலையில யார் வசமும் இல்லாமல் கிடக்கிற மோதிரத்தை எடுக்கிறது திருட்டு இல்லை. அப்பாடான்னு இருந்துச்சு. ஆனா அடுத்த வரியிலேயே, அது 'முறைகேடாகத் தனதாக்கிக்கொள்வது' ஆகலாம்னு இருக்கு.

அது 314-வது பிரிவு. அதோட விளக்கம்தான் இந்த எபிசோடோட மையம். காப்பாத்துறதுக்காகவோ, உரியவர்கிட்ட ஒப்படைக்கிறதுக்காகவோ எடுத்தா குற்றம் இல்லை. உரியவர் யாருன்னு தெரிஞ்சும், இல்லை கண்டுபிடிக்க வழி இருந்தும், தனதாக்கிக்கிட்டா குற்றம். நியாயமான வழியில தேடி, தகவல் சொல்லி, அவர் வந்து கேக்க நியாயமான கால அவகாசம் கொடுக்காமல் தனதாக்கிக்கிட்டாலும் குற்றம். இது கிரிமினல் பக்கம். சிவில் பக்கம் 1872 ஒப்பந்தச் சட்டம், 71-வது பிரிவு. கண்டெடுத்தவன் ஓனர் ஆகிறதில்லை. அடுத்தவர் பொருளைப் பார்த்துக்கச் சொல்லி வாங்கி வச்சிருக்கிறவனுக்கு என்ன பொறுப்போ, அதே பொறுப்புதான் அவனுக்கும். ஆறு மாசம் வச்சிருந்தாச்சே, எனக்கு ஆயிடாதான்னு பார்த்தேன். தொலைஞ்ச பொருளைக் கேட்டு வழக்குப் போட மூணு வருஷம் டைம். அதுவும் தொலைஞ்ச நாள்லேருந்து இல்லை, அது யார்கிட்ட இருக்குன்னு தெரிஞ்ச நாள்லேருந்து. பெரியவருக்குக் கடிகாரம் அந்த டீக்கடையிலதான் ஓட ஆரம்பிச்சிருக்கு.

கண்டெடுத்தவர் ஜெயிச்ச வழக்கே இல்லையா? இருக்கு. அமெரிக்காவுல வெர்மான்ட் மாநில உச்ச நீதிமன்றம், 1997. ஒரு கலப்பின நாய் கழுத்துப்பட்டையை அறுத்துக்கிட்டு ஓடிப்போச்சு. ரோட்ல கண்டெடுத்த பெண் விலங்குநல அமைப்புக்குச் சொன்னார், ஊர்ல பல இடத்துல நோட்டீஸ் ஒட்டினார், உள்ளூர் ரேடியோவுல அறிவிக்க வச்சார். யாரும் வரலை. ஒரு வருஷத்துக்கு மேல வளர்த்தப்புறம் பழைய ஓனர் கண்ணுல பட்டு, வழக்காச்சு. கோர்ட் நாயைக் கண்டெடுத்தவருக்கே கொடுத்துச்சு. காரணம், அவர் நியாயமா தேடினார், நீண்ட காலம் பொறுப்பா வளர்த்தார். நம்ம கோர்ட்டை அது கட்டுப்படுத்தாது, ஆனா அளவுகோல் ஒண்ணுதான். நோட்டீஸை ஓனர் கண்ணுல படுற இடத்துல ஒட்டணும். சந்தையில நாலு பேர்கிட்ட கேட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல பதில் வந்திருக்கும். நான் ஓஎம்ஆர்ல கேட்டேன்.

இருந்தாலும் என்கிட்ட 'ஆதாரம்' இருக்கேன்னு ஒரு தெம்பு. பிஸ்கட்டுக்கு மைக்ரோசிப் போட்டிருந்தேன். அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெருசு. உள்ள பேட்டரி கிடையாது, ஜிபிஎஸ் கிடையாது. ரீடரைக் கிட்ட காட்டினா 15 இலக்க நம்பர் ஒண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். அந்த நம்பர் யார் பேர்ல இருக்குங்கிறது வேற எங்கேயோ இருக்கிற ஒரு பதிவேட்டு விஷயம். பதிவு பண்ணினது நான். அதனால என் பேர் வரும். அது 'இந்த நாயைப் பதிஞ்சது யாரு'ன்னு சொல்லும், 'இது யாரோட நாய்'னு சொல்லாது. சென்னை மாநகராட்சி 2025 கடைசியில லைசென்ஸையும் சிப்பையும் கட்டாயமாக்கி, லைசென்ஸ் இல்லைன்னா 5,000 ரூபாய் அபராதம்னு அறிவிச்சுது. நல்ல விஷயம்தான், நாய் தொலைஞ்சா திரும்பக் கிடைக்கும். ஆனா கண்டெடுத்த நாய்க்கு முதல்ல ஓடிப்போய் சிப் போடுறவன் ஓனர் ஆயிட முடியாது. கிடை நாய்க்கு யாரு சிப் போடப்போறா?

டிஎன்ஏ? மத்தியப் பிரதேசத்துல ஹோஷங்காபாத்ல 2020-ல இப்படி ஒரு கூத்து நடந்துச்சு. ஒரு கருப்பு லாப்ரடாருக்கு ரெண்டு பேர் சொந்தம் கொண்டாட, ரெண்டு பேர் கூப்பிட்டாலும் நாய் வாலாட்ட, போலீஸ் ரத்த மாதிரி எடுத்து அனுப்பிச்சு. பச்மரியில இருந்த தாய் தகப்பன் நாயோட ஒத்துப்போனதால முதல்ல புகார் கொடுத்தவருக்குச் சாதகமா முடிவு வந்துச்சு. அது காசு கொடுத்து வாங்கின நாய், பெத்தது எதுன்னு தெரியும். தெருவுல பிறந்ததுக்கு அப்பனை எங்கே போய்த் தேடுறது?

கடைசியா என் மனசுல மிச்சம் இருந்தது ஒரே வாதம். "நான் அவரைவிட நல்லா வளர்ப்பேன்." என் வீட்ல ஏசி, டாக்டர், பிறந்தநாள் கேக். அங்க வெயில், முள்ளு, கம்பங்கூழ். இந்த வாதத்தோட பிரச்சினை என்னன்னு 2005-ல நியூ ஆர்லியன்ஸ் பக்கம் வந்த கத்ரீனா புயலுக்கு அப்புறம் நடந்த வழக்குகளைப் படிச்சாப் புரியும். வீட்டை விட்டு ஓடினவங்க நாயை விட்டுட்டுப் போக வேண்டியதாயிடுச்சு. மீட்புக்குழுக்கள் அந்த நாய்களை மாநிலம் மாநிலமா அனுப்பித் தத்துக் கொடுத்தாங்க. பழைய குடும்பங்க தேடி வந்தப்போ, "உங்க நாய் நோஞ்சானா இருந்துச்சு, நாங்கதான் தேத்தினோம்"ன்னு பதில். அப்படி மாட்டினவங்கள்ல ஒருத்தர் ஃப்ளோரிடாவுல அரசு வக்கீலா இருந்த பாம் பாண்டி, பின்னாடி அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ஆனவர். மாஸ்டர் டேங்க்ங்கிற செயின்ட் பெர்னார்ட் நாயை அவர் தத்தெடுத்து, நோவான்னு பேர் மாத்தி வளர்த்தார். வழக்கு 2007-ல விசாரணைக்கு முன்னாடியே சமரசமாகி, நாய் புயல்ல எல்லாத்தையும் இழந்த அந்தக் குடும்பத்துக்கே திரும்பிப் போச்சு. வசதி இருக்கிறவன் நல்லா வளர்ப்பான்ங்கிறதுதான் உரிமைன்னா, ஏழை வீட்டு நாய் எல்லாமே தத்துக்கு ரெடியா இருக்கிற நாய்தான். எங்க ஊர் நாய்ங்களுக்கு விலா எலும்பு தெரியிறது பட்டினியாலன்னு நான் நினைச்சதும் அதே கண்ணாடி வழியா பார்த்ததுதான். சிப்பிப்பாறை நாய் எப்படி இருக்கும்னு படம் பாருங்க, அதுவும் நம்ம பக்கத்து நாய்தான்.

இதெல்லாம் கேட்டுட்டுத் தெருநாயைத் தத்தெடுக்காமல் இருந்துடாதீங்க. 2025 ஆகஸ்ட் 22 உத்தரவுல உச்ச நீதிமன்றமே அதுக்கு வழி சொல்லியிருக்கு: உள்ளாட்சி அமைப்புக்கு விண்ணப்பிங்க, அந்த நாய்க்கு அடையாள டேக் போட்டு உங்ககிட்ட தருவாங்க, அப்புறம் அது திரும்பத் தெருவுக்கு வராமல் பார்த்துக்கிறது உங்க பொறுப்பு. தில்லி நாய்ப் பிரச்சினையில வந்த உத்தரவுதான், ஆனா இந்த எழுத்துத் தடம் எல்லா ஊருக்கும் பொருந்தும். அதுக்கு முன்னாடி, நாயை எடுத்த இடத்துலயே டீக்கடை, ரேஷன் கடை, பஸ் ஸ்டாப்ல போய்க் கேளுங்க. போட்டோவும் போன் நம்பரும் தமிழ்ல எழுதி ஒட்டுங்க. ஊர் வாட்ஸ்அப் குரூப்ல போடச் சொல்லுங்க. காயம்பட்டிருந்தா சிகிச்சையை மட்டும் தள்ளிப்போடாதீங்க.

மறுநாள் காலையில கிடை போட்டிருந்த இடத்துக்கே நடந்து போனேன். பிஸ்கட், சரி, மணி, ஆடுகளைச் சுத்தி ஒரு ரவுண்டு போயிட்டு வந்து அவர் காலடியில படுத்துக்கிச்சு. அதை வச்சு நான் முடிவு பண்ணலை. தீனி போட்டா யார் பின்னாடியும் போகும்னு சட்டமே சொல்லுதே. நான் கேட்டிருக்கணும், கேக்கலை, அதனாலதான்.

பெரியவர் மடியிலேருந்து சுருக்குப்பையை எடுத்தார். "வைத்தியத்துக்கு எம்புட்டு ஆச்சு தம்பி? சொல்லு, தந்துர்றேன்."

ஒப்பந்தச் சட்டம் 168-வது பிரிவு: கண்டெடுத்தவர் செலவுக்காக வழக்குப் போட முடியாது, ஆனா செலவைக் கொடுக்கிற வரைக்கும் பொருளைத் தராமல் வச்சிருக்கலாம். அவர் அதைப் படிச்சிருக்கப் போறதில்லை. வேணாம்யான்னு சொல்லிட்டு, தடுப்பூசி அட்டையை நீட்டினேன். அடுத்த ரேபிஸ் ஊசி மாசியில போடணும்னு சொன்னேன்.

வாங்கி, ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துட்டுத் திரும்ப என் கையிலேயே கொடுத்தார். "எனக்குப் படிக்கத் தெரியாது, நீயே வச்சிரு. சிவராத்திரிக்கு வருவேல்ல, அப்ப நீயே ஊசியைப் போட்டு விட்டுட்டுப் போ."

அட்டை இப்போ என் மானிட்டருக்குக் கீழே இருக்கு. பேர்ங்கிற இடத்துல பிஸ்கட்டை அடிச்சுட்டு மணின்னு எழுதியிருக்கேன். ஓனர்ங்கிற கட்டத்தை இன்னும் மாத்தலை, அவர் முழுப்பேரைக் கேக்க மறந்துட்டேன்.