தாத்தாவுக்கும் ஒரு கேக்!

குட்டீஸ்! உங்கள் பிறந்த நாளில் கேக் வெட்டும்போது, தாத்தாவோ பாட்டியோ, "எனக்கு வேண்டாம்ப்பா... சுகர் இருக்கு" என்று ஒதுங்கி நிற்கிறார்களா? அவர்களுக்கென்றே ஒரு கேக் செய்வோமா? 'மஃபின்' என்று இதற்குப் பெயர். கிண்ணத்தில் வேகும் குட்டி கேக். மைதா, சர்க்கரை இரண்டும் கிடையாது.

"சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போடலாமே?" என்பீர்கள். கூடாது! வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன்... நிறம்தான் வேறு, எல்லாவற்றிலும் பெரும்பங்கு சர்க்கரைதான். 'கருப்பட்டிக் காபி ஒன்றும் செய்யாது' என்று நம்பிக் குடிக்கும் பெரியவர்கள் நிறையப் பேர். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள்.

மைதா இனிக்காது. ஆனால், அதிலுள்ள மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் கலந்துவிடும். 100 கிராம் மைதாவில் சுமார் 76 கிராம் மாவுச்சத்து உண்டு. அதே அளவு வேர்க்கடலையில் சுமார் 16 கிராம்தான். அதிலும் பாதி, செரிக்காத நார்ச்சத்து. (மணிலாக்கொட்டை என்று சொன்னாலும் இது கொட்டையல்ல, பயறு வகை. பூ மேலே பூக்கும். காய் மண்ணுக்குள் காய்க்கும்!)

தோல் நீக்கிய வறுத்த வேர்க்கடலை 200 கிராம் எடுத்து, மிக்சியில் விட்டு விட்டு அரையுங்கள். முதலில் பொடியாகும், பிறகு உருண்டையாகத் திரளும். அப்போது நிறுத்திவிடாதீர்கள். இன்னும் அரைத்தால் எண்ணெய் பிரிந்து, விழுதாக இளகும். அதுதான் பீநட் பட்டர்! கடையில் வாங்குவதில் பெரும்பாலும் சர்க்கரை கலந்திருக்கும்.

விழுதுடன் 3 முட்டை, 2 டேபிள்ஸ்பூன் தயிர், ஏலக்காய்ப் பொடி, சிட்டிகை உப்பு சேர்த்து அடியுங்கள். கடைசியாகக் கால் டீஸ்பூன் சமையல் சோடா, 2 டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு. சோடா கூடினால் சோப்பு மாதிரி கசக்கும், ஜாக்கிரதை!

சோடாவும் புளிப்பும் சேர்ந்ததும் கரியமில வாயு குமிழ் குமிழாக வரும். இட்லி மாவில் நுண்ணுயிர்கள் இரவெல்லாம் செய்கிற வேலை, இங்கே நொடியில் நடக்கிறது. அதனால் தாமதிக்காமல், எண்ணெய் தடவிய 6 சிறு கிண்ணங்களில் முக்கால் பாகம் ஊற்றிவிடுங்கள்.

அடுப்பு வேலை அம்மாவோ அப்பாவோ செய்யட்டும். பழைய கனமான வாணலியில் கல் உப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடி 10 நிமிடம் சூடாக்க வேண்டும். கிண்ணங்களை உள்ளே வைத்து மூடி, சிறு தீயில் 25 நிமிடம். முட்டையிலுள்ள புரதம் சூட்டில் இறுகி, குமிழ்களைச் சிறைப்பிடிக்கும். பாதியில் திறந்து பார்த்தால் கேக் அமுங்கிவிடும்! முட்டை சேர்க்காத வீடுகளில் இது சரிவராது, பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

கடை கேக் மாதிரி இனிக்காது. கடலை மணமும் ஏலக்காய் வாசனையும்தான் ருசி. ஒரு கேக்கில் சுமார் 6 கிராம் மாவுச்சத்துதான் என்றாலும், எண்ணெய்ச் சத்து அதிகம்; தாத்தாவுக்கு ஒன்று போதும். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சாப்பாட்டுக்குப் பதிலாக இதைக் கொடுத்துவிடாதீர்கள். சர்க்கரை அளவு ரொம்பக் குறைந்து மயக்கம் வரலாம். வேர்க்கடலை சிலருக்கு ஒவ்வாது, ஆபத்தாகவும் முடியலாம். நண்பர்களுக்குக் கொடுக்குமுன் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நன்றாக ஆறிய பிறகே கிண்ணத்திலிருந்து எடுங்கள். மீந்ததை டப்பாவில் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் இருக்கும்.